இசைக்கு வேலி எதற்கு?

சென்ற ஆண்டு பாடசாலைகளுக்கிடையே நடைபெற்ற இசைப் போட்டி ஒன்றுக்கு எங்கள் மாணவர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். நான் தமிழ் கற்பிக்கும் பாடசாலை ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறது. பிள்ளைகளிற் பெரும்பாலோர் கடற்றொழிலாளரின் மக்கள். கரைவலை இழுக்கும்போது தம் பாட்டன்மார் பாடிய அம்பாப் பாடல் ஒன்றை அவர்கள் முதியோரிடம் கேட்டறிந்து, கூட்டுப் பாடலாக ஒழுங்கு செய்திருந்தனர். பல கைகள் ஒருமித்து வலையை இழுக்கும் அந்த வேகத்தை ஒரு பையன் கிற்றாரில் வாசித்தான். அயற்கிராமத்து முஸ்லிம் நண்பன் ஒருவனிடம் இரவல் வாங்கிய றபானை இன்னொருவன் தட்டினான். மண்டபத்தில் இருந்தோர் தம்மையறியாமலே கைதட்டித் தாளமிட்டனர்.

பரிசு கிடைக்கவில்லை. அதுபற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் நடுவருள் ஒருவர் கூறிய காரணத்தை என்னால் மறக்க முடியவில்லை. "குரல் நன்று, கட்டுக்கோப்பும் நன்று, ஆயினும் அந்நிய வாத்தியத்தைச் சேர்த்துத் தமிழிசையின் தூய்மையைக் கெடுத்துவிட்டீர்கள்" என்றார் அவர். அவருடைய நாற்காலிக்குப் பின்னால், அடுத்த நிகழ்ச்சிக்கென இரண்டு வயலின்களும் ஒரு ஹார்மோனியமும் ஆயத்தமாக வைக்கப்பட்டிருந்தன.

திரும்பி வரும்போது கிற்றார் வாசித்த பையன் பஸ்ஸில் என்னிடம் கேட்டான்: "சேர், வயலின் எந்த ஊர் வாத்தியம்?"

அன்று நான் அவனுக்குச் சொன்ன விடை சுருக்கமானது. விரிவான விடையை இங்கே எழுதுகிறேன். அவனுக்காக மட்டுமன்று, 'தூய்மை' என்ற சொல்லைக் காட்டிப் பிள்ளைகளின் வாயை மூடும் பெரியோருக்காகவுந்தான்.

வயலின் இன்றைய வடிவத்தை 16ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியிற் பெற்றது. அங்கும் அது தானாக முளைத்ததன்று. வில்லால் இழுத்து வாசிக்கும் கருவிகள் அராபியரின் றபாப் முதலியவற்றின் வழியாகவே ஐரோப்பாவை அடைந்தன என்பர் இசை வரலாற்றாசிரியர். எனவே ஐரோப்பியர் தமது பெருமையாகக் கருதும் கருவியின் பிறப்பிலேயே ஆசியாவின் கை இருக்கிறது. பின்னர் அது கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. மணலி முதலியார் குடும்பத்தாரின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் வாழ்ந்த காலத்தில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) ஐரோப்பியர் ஒருவரிடம் அக்கருவியைக் கற்றார். அண்ணனோ கோட்டைப் பாண்டு வாத்தியக்காரர் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியிற் சாகித்தியம் இயற்றினார். 'நொட்டுசுவரம்' என வழங்கும் அவ்வுருப்படிகள் ஏறத்தாழ நாற்பது இன்றும் பாடப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஆங்கிலேயரின் அரச கீத மெட்டிலேயே அமைந்தது. சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவர், வைதிக ஆசாரத்தில் ஊறியவர், வெள்ளைக்காரச் சிப்பாய்களின் மெட்டைத் தீட்டென்று தள்ளவில்லை. அவருடைய பெயரைச் சொல்லி வாழ்வோர் தள்ளுகின்றனர்!

தீட்சிதரின் மாணாக்கரும் தஞ்சை நால்வருள் ஒருவருமான வடிவேலு (1810-1845) நட்டுவனார் மரபிற் பிறந்தவர். இக்கருவியைக் கருநாடக இசைக்கு உரியதாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்கு 1834இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

இவர்கள் செய்தது வெறும் இரவலா? ஐரோப்பியக் கலைஞன் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ கருவியைத் தோளுக்கும் தாடைக்கும் இடையே இடுக்கி வாசிக்கிறான். நம் கலைஞர் தரையிற் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலையை வலக்காலில் ஊன்றினர். கருவியைத் தாங்கும் வேலையிலிருந்து விடுபட்ட இடக்கை தந்தியின் மேலும் கீழும் தங்குதடையின்றி வழுக்கி ஓடலாயிற்று, கமகம் கைவந்தது. நான்கு தந்திகளையும் ஐரோப்பியர் சேர்க்கும் முறையை விட்டு, ச-ப-ச-ப எனச் சுருதி கூட்டினர். வீணையில் மீட்டிய நாதம் சிறிது நேரத்தில் தேய்ந்து மறையும். வில்லோ பாடகரின் மூச்சைப் போல நாதத்தை நீட்டிக்கொண்டே போகும். வாய்ப்பாட்டை நிழல்போலத் தொடரும் துணை அதுவரை கிடைக்காத அளவிற்குக் கிடைத்தது. பாடுவோருக்குப் புதிய தெம்பு பிறந்தது. கேட்போருக்கு ஒரே இராகத்தை இரு குரலிற் கேட்கும் இன்பம் பிறந்தது. இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரி அரிது.

இதில் வியப்பில்லை. தமிழ் கற்றோர் அறிந்த நெறியே இது. செய்யுள் செய்வதற்குரிய சொற்களைத் தொல்காப்பியர் எண்ணும்போது, இயற்சொல், திரிசொல் என்பவற்றோடு திசைச்சொல்லையும் வடசொல்லையும் சேர்த்தே எண்ணினார். வடசொல் தன் வடவெழுத்தை நீத்துத் தமிழெழுத்தைப் பூண்டு உள்ளே வரலாம் என்றார். தமிழின் முதல் இலக்கண நூல் வாயிலைத் திறந்து வைத்தது. வருவோர் எவ்வாறு வரவேண்டும் என்பதற்கு மட்டும் விதி சொன்னது. வயலினும் அவ்வாறே தன் பழைய சுருதியை நீத்துப் புதிய சுருதியைப் பூண்டு வந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொல்காப்பியருக்கு இருந்த துணிவு இன்றைய நடுவருக்கு இல்லாமற் போனது ஏன்?

'வயலின் நம் இசைக்குப் பணிந்தது. கிற்றார் பணியவில்லையே' என்று ஒரு வாதம் எழும். இதனை நேர்மையாக ஆராய வேண்டும். எல்லாக் கருவியும் எல்லா இசைக்கும் பொருந்தும் என்று நான் கூறவில்லை. ஹார்மோனியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு கட்டையும் ஒரே சுரத்தை ஒரே நிலையில் ஒலிக்கும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் வராது. நம் சுரங்களின் நுண்ணிய நிலைகளும் அதன் சமப்படுத்திய சுர அமைப்பில் அடங்கா. இவை நியாயமான குறைகள். தாகூர் போன்ற பெருங்கவிஞரும் அதனை வெறுத்தார். குறையைச் சொல்வது விமரிசகரின் கடமை.

ஆனால் குறை சொல்வது வேறு, கதவடைப்பது வேறு. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து அடியோடு விலக்கியது. சுவையான செய்தி யாதெனில், இந்திய இசையின் தூய்மைக்காக இக்கருவியை எதிர்த்து 1938இல் எழுதியவர்களுள் முன்னின்றவர், டில்லி வானொலியில் மேனாட்டிசைப் பிரிவை நடத்திய ஜோன் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர். நம் தூய்மையைக் காக்கவும் வெள்ளைக்காரரே வரவேண்டியிருந்தது! வெள்ளையராட்சி 1947இல் ஒழிந்தது; தடை மட்டும் ஒழியவில்லை. 1971இலேதான் அது தளர்த்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வானொலி மூடிய அக்கருவி, கவ்வாலியிலும் பஜனையிலும் நாடகக் கொட்டகையிலும் நாள்தோறும் ஒலித்துக்கொண்டேயிருந்தது.

கொட்டகை என்றதும் நம் யாழ்ப்பாணத்து இசை நாடகம் நினைவுக்கு வராமற் போகாது. பம்பாய்ப் பார்சிக் கம்பனிகளின் நாடகப் பாணி தமிழகம் சென்று, சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோரின் கையில் தமிழ் உருப்பெற்று, அங்கிருந்து வந்த குழுக்களின் வழியாக நம் கிராமங்களை அடைந்தது. நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாகி நின்று பாடியபோது, அவர் குரலுக்குத் துணை நின்றது ஹார்மோனியந்தான். விடிய விடியப் பாயில் அமர்ந்து கேட்ட உழைப்பாளி மக்களுக்குச் சபாக்களின் கதவு திறந்ததில்லை. இராகத்தையும் பாவத்தையும் அவர்கள் கற்றது அந்தக் கொட்டகைகளில். கமகம் வராத கருவி என்று பண்டிதர் ஒதுக்கியது, ஓர் இனத்தின் ஏழை மக்களுக்கு இசைக் கல்லூரியாய் இருந்தது. பார்சிப் பாணி நம்மிடம் மட்டும் வரவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோன் டி சில்வாவின் சிங்கள நூர்த்தி நாடகங்களுக்கு இசையமைத்தவர் இந்தியாவிலிருந்து வந்த விஸ்வநாத் லௌஜி. சிங்கள தேசிய உணர்வை எழுப்பிய பாடல்களுக்கு மெட்டு வட இந்தியாவிலிருந்து வந்தது. கொழும்பு மேடையும் யாழ்ப்பாண மேடையும் ஒரே ஊற்றிலிருந்து நீர் அருந்தியவை என்பதை இரு பக்கத்துத் தூய்மைவாதிகளும் மறைத்தே வந்திருக்கின்றனர்.

கதவடைப்பு எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு மற்றுமொரு சான்று நம் நாட்டிலேயே உண்டு. 1952இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், மேனாட்டுச் சாயல் படிந்த மலிவான இசை என்று கருதித் திரைப்பாடல்களை வானொலியிலிருந்து பெரும்பாலும் விலக்கினார். மக்களின் செவியைத் திருத்திவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. மக்கள் என்ன செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினர். இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலைப் பரப்பி அப்போது இலங்கை வானொலியின் கையில் இருந்தது. அதே 1952இல் இங்கிருந்து தொடங்கிய 'பினாகா கீத்மாலா'வை வட இந்தியா முழுவதும் காத்திருந்து கேட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1957இல், அகில இந்திய வானொலி விவித பாரதி என்ற புதிய சேவையைத் தொடங்கித் திரைப்பாடலை மீண்டும் அழைத்துக்கொண்டது. கேஸ்கர் சாஸ்திரிய இசைக்குச் செய்த தொண்டு சிறியதன்று. அதனை நான் குறைத்துரைக்கவில்லை. நல்லதைக் கொடுத்ததில் அவர் வென்றார். கொடாததைக் கேட்கவிடாமற் செய்ய முயன்றதில் தோற்றார். ஆசிரியராகிய நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

இனி, நம் தீவின் இசையில் 'அந்நியம்' எது என்பதையும் சற்றுப் பார்ப்போம். 1505இல் போர்த்துக்கேயர் இங்கு வந்தனர். அவர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் ஆபிரிக்க மக்களை அடிமைகளாகவும் சிப்பாய்களாகவும் கொண்டு வந்தனர். அம்மக்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்துச் சிராம்பியடியில் இன்றும் தம் மாஞ்சாப் பாடல்களைப் பாடுகின்றனர். மட்டக்களப்புப் பறங்கியர் தம் திருமண வீடுகளில் வயலினும் கிற்றாரும் ஒலிக்கக் கப்ரிஞ்ஞா ஆடுகின்றனர். அத்தாளக் கட்டிலிருந்தே பைலா பிறந்தது. 1940களில் அதனைச் சிங்களத்திற் பாடிப் பரப்பியவர் வொலி பஸ்தியான்ஸ் என்ற பொலிஸ்காரர். 1960களின் இறுதியில் நம் இளைஞர் அதே துள்ளலைத் தமிழுக்குக் கொண்டு வந்தனர். நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிற் பாடினார். ஏ. ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்தையே ஆடவைத்தது. அடிமைகளின் தாளம், கடற்கொள்ளையரின் கிற்றார், சிங்களச் சொல், தமிழ்ச் சொல் ஆகிய நான்கும் ஒரே பாட்டில் இணைந்தன. அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் பிரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், இரு மொழியாரும் வாய்விட்டுச் சேர்ந்து பாடிய பாடல்கள் இவை. இவற்றில் மலிவானவையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். கருநாடக சங்கீதத்தில் மலிவானவை இல்லையா?

கலப்பினால் இசைஞரும் கேட்போரும் பெறும் செல்வம் எத்தகையது என்பதை உணர, ஆபிரிக்காவின் கொங்கோவைப் பார்க்கலாம். அந்நாட்டிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள், கியூபாவின் கரும்புத் தோட்டங்களில் தம் தாளங்களை மறவாது காத்தனர். அங்கே ஸ்பானியரின் கிற்றாரும் பாட்டும் அவற்றோடு கலந்து புதிய இசை பிறந்தது. 1930களிலிருந்து அது இசைத்தட்டுகளாகக் கொங்கோவின் துறைமுகங்களில் வந்திறங்கியது. கேட்டவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. பாட்டன் வீட்டுக் குரல் கடல் கடந்து திரும்பி வந்ததுபோல் இருந்தது. அவர்கள் அதனைப் பிரதி செய்யவில்லை. பியானோவின் இடத்திற் கிற்றாரை வைத்தனர். லிங்காலா மொழியிற் பாடினர். கொங்கோ ரும்பா பிறந்தது. 1960இன் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரில் பெல்ஜிய அரசோடு விடுதலைப் பேச்சு நடந்தபோது, அங்கு சென்றிருந்த 'லெ கிரான் கலே' என்னும் ஜோசப் கபசெலெயின் குழு 'இன்டிபென்டன்ஸ் சாசா' என்ற பாட்டை இயற்றிப் பாடியது. பெயரிலேயே கியூப நடனம் ஒன்று இருக்கிறது. அதே ஆண்டு யூன் 30ஆம் நாள் கொங்கோ விடுதலை பெற்றது. அப்பாட்டு ஆபிரிக்கக் கண்டத்தின் பல நாடுகளில் விடுதலைக் கீதமாய் ஒலித்தது. 'கியூப மெட்டு நமக்கு ஆகாது' என்று ஒரு நடுவர் அன்று குறுக்கே நின்றிருந்தால், ஒரு கண்டம் தன் மகிழ்ச்சியைப் பாட வேறு எதைத் தேடியிருக்கும்?

இவ்விடத்தில், பண்டிதர் பக்கத்திலிருந்தல்ல, நம் பக்கத்திலிருந்தே ஒரு கண்டனம் எழுகிறது. 'இசைப் பரிவர்த்தனை என்று நீர் அழகாகப் பேசுவதெல்லாம் உண்மையில் ஏகாதிபத்தியத்தின் சந்தையன்றோ? பெரிய கம்பனிகள் தம் சரக்கை நம் தலையிற் கட்டுகின்றன. நம் மக்களின் இசையைக் கொள்ளையிடுகின்றன' என்று தோழர் சிலர் கேட்பர். இக்கேள்வி பண்டிதரின் முறைப்பாட்டிலும் பன்மடங்கு கனமானது. அதற்கு விடை கூறாமற் போவது கோழைத்தனம்.

கொள்ளை உண்மை. சொலமன் லிண்டா என்ற சூலு இனத் தொழிலாளி, 1939இல் ஜொகானஸ்பேர்க் நகரில் 'ம்பூபே' என்ற பாட்டைத் தன் குழுவோடு பாடிப் பதிவு செய்தார். அதன் உரிமைக்கு அவர் பெற்றது பத்துச் சிலின் எனப்படுகிறது. அந்த இசைத்தட்டு அமெரிக்காவை அடைந்தது. இடதுசாரிப் பாடகரான பீற் சீகர் 1950களின் தொடக்கத்தில் அதனை 'விமோவே' என்ற பெயரிற் பரப்பினார். 1961இல் அது ஆங்கிலச் சொற்களோடு 'த லயன் சிலீப்ஸ் ருநைற்' ஆகி உலகமெங்கும் விற்பனையாயிற்று. 1962இல் லிண்டா வறுமையில் மாண்டார். 1994இல் வெளிவந்த டிஸ்னியின் 'த லயன் கிங்' படத்திலும் அப்பாட்டு இடம்பெற்றது. 2004இல் அவருடைய புதல்வியர் பழைய பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் ஒன்றின் துணையோடு வழக்குத் தொடுத்து, 2006இலேதான் ஓர் இணக்கத்தின் வழியாகத் தமக்குரிய பங்கைப் பெற்றனர்.

இக்கதையிலிருந்து நாம் பெறும் முடிவு என்ன? லிண்டாவின் பாட்டு ஆபிரிக்காவை விட்டு வெளியே சென்றிருக்கக் கூடாது என்பதா? அவருடைய புதல்வியர் அவ்வாறு கேட்கவில்லை. தந்தையின் பெயரையும் அவருடைய உழைப்பின் ஊதியத்தையுமே கேட்டனர். ஆலையில் சுரண்டல் இருக்கிறது என்பதற்காகத் தொழிலாளர் இயந்திரத்தை வெறுப்பதில்லை. நியாயமான கூலியையும், அதற்கு மேலாக ஆலையின் உடைமையையும் கேட்கின்றனர். இசைக்கும் அதே நீதிதான். இன்று ஒரு சில பெருங்கம்பனிகளின் கணினிகள் எந்தப் பாட்டை எவர் கேட்க வேண்டும் என்று கைத்தொலைபேசியினூடே தீர்மானிக்கின்றன. அதற்கு மாற்று, பிள்ளையின் கையிலிருக்கும் கிற்றாரைப் பிடுங்குவதாகாது. கம்பனி காட்டாத பாட்டையும் கேட்கும் செவியை அவனுக்கு உண்டாக்க வேண்டும். கேட்டதை அப்படியே ஒப்பிக்காமல், வடிவேலு செய்ததுபோல் தன் சுருதிக்குத் திருப்பும் பயிற்சியை அவனுக்கு அளிக்க வேண்டும். ஒன்றையே கேட்டு ஒன்றையே பாடுவது பரிவர்த்தனையாகாது. அது பண்டிதரின் வேலிக்குள் நடந்தாலும் கம்பனியின் வேலிக்குள் நடந்தாலும் அடிமைத்தனமே.

தமிழிசையின் பெயரால் பேசுவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1940களில் தமிழகத்தில் எழுந்த தமிழிசை இயக்கம், தமிழர் தம் மொழியிற் பாட்டுக் கேட்கும் உரிமையைக் கோரியது. நியாயமான கோரிக்கை. ஆனால் அவ்வியக்கத்தார் வயலினை வெளியேற்றும்படி கேட்டாரல்லர். உரிமை கேட்பது ஒரு மக்களின் குரல். அதனைத் தூய்மைக் கூச்சலாக மாற்றுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

இப்போது இன்னொரு செய்தியைக் கூறவேண்டும். அதே பிள்ளைகள், அதே போட்டியில், அதற்கு முந்திய ஆண்டும் பங்குபற்றினர். அன்றும் அம்பாப் பாடலையே பாடினர். கிற்றார் இல்லை, றபான் இல்லை. கைதட்டலும் குரலுமே இருந்தன. அன்று அவர்களுக்குக் கூறப்பட்டது, "இது தொழிற்பாட்டு, மேடைக்குரிய இசையன்று" என்பது. தூய்மையாக வந்தபோது இசையே அன்று எனத் தள்ளப்பட்டனர். பிற இசையோடு சேர்ந்து வந்தபோது தூய்மையில்லை எனத் தள்ளப்பட்டனர். அப்படியானால் தள்ளப்பட்டது கிற்றாரா, அதனை ஏந்திய கையா?

1960களில் நம் நாட்டில் நடந்த மரபுப் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு இக்குரல் புதியதன்று. ஒடுக்கப்பட்ட மக்கள் தம் பேச்சு மொழியோடு சிறுகதையில் நுழைந்தபோது, 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர் மூக்கைப் பொத்தினர். பறையின் ஒலி தெருவுக்கும் சாவீட்டுக்கும் மட்டும் உரியதென்று ஒதுக்கியதும் இதே குரலே. பறை எந்தக் கடலைக் கடந்து வந்தது? அது இந்த மண்ணின் தொல்கருவி. மண்ணின் கருவியைத் தீட்டென்றவர்களுக்கு அயல் கருவியை அந்நியம் என்று விலக்க என்ன தகுதி இருக்கிறது? அவர்கள் காப்பது இசையையன்று. இசை நடக்கும் மேடையில் எவர் அமரலாம் என்று சொல்லும் அதிகாரத்தை.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. கலைவிழாக்களின் விதிகளில் 'அந்நிய வாத்தியம்' என்ற சொல் எங்கிருந்தாலும் அதனை நீக்கக் கோருவோம். எந்தப் பாட்டைப் பாடினாலும் அது எவருடையது, எங்கிருந்து வந்தது என்று மேடையிற் சொல்லும் வழக்கத்தை உண்டாக்குவோம். கிற்றார் கற்கும் பிள்ளைக்கு அம்பாவையும் கூத்தின் தாளக் கட்டையும் கற்பிப்போம். தேவாரம் பாடும் பிள்ளைக்குக் கொங்கோ ரும்பாவையும் மாஞ்சாவையும் கேட்கக் கொடுப்போம். பக்கத்துச் சிங்களப் பாடசாலையோடு சேர்ந்து ஒரு மாலையாவது பாடுவோம். நடுவர் நாற்காலியில் நம்மை அமர்த்தினால், பாட்டு நன்றாக இருந்ததா என்பதற்கு மட்டும் புள்ளி இடுவோம்.

எங்கள் பிள்ளைகள் இவ்வாண்டும் அப்போட்டிக்குப் போகின்றனர். பாட்டு அதே அம்பாதான். கிற்றாரும் றபானும் இருக்கின்றன. இம்முறை வயலின் கற்கும் சிறுமி ஒருத்தியும் அவர்களோடு சேர்ந்திருக்கிறாள். பாடத் தொடங்குமுன், மூன்று கருவிகளும் எந்தெந்த ஊர் வழியாக நம்மிடம் வந்தன என்பதை அந்தப் பையன் மேடையில் சொல்லப் போகிறான். அதனை எழுதிக் கொடுக்கும்படி என்னிடம் கேட்டான்.

மறுத்துவிட்டேன். அவனே தேடி எழுதிக்கொண்டிருக்கிறான்.